காலையில் ஆர்.ஜே., மதியம் லெக்சரர்... ரெண்டையும் சமாளிப்பது எப்படி?

பி.ஜி. முடிச்சாச்சு. காலையில் எஃப்.எம்-ல ஷோ, மதியம் காலேஜில் கௌரவ விரிவுரையாளர் வேலை. ரெண்டுமே பிடிச்ச வேலை. அப்புறம் என்ன கவலைனு கேட்குறீங்களா? மூணு விஷயம் இருக்கு.

குரல்: மைக் முன்னாடி மெதுவாகப் பேசினாலே போதும். 60 பேர் இருக்கும் வகுப்பில் அது எடுபடாது, கத்தத் தோணும். கத்தாதீங்க, மறுநாள் ஷோவில் தொண்டை கட்டிக்கும். காலர் மைக் கேட்டு வாங்குங்க. ஷோவுக்கும் கிளாஸுக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது பேசாம இருங்க.

மௌனம்: ரேடியோவில் சில நொடி சத்தம் இல்லைன்னாலே பதறிடுவோம். வகுப்பில் அப்படியில்லை. கேள்வி கேட்டுட்டு, பத்து நொடி சும்மா நில்லுங்க. மாணவர்கள் யோசிக்கிற நேரம் அது. நீங்களே பதில் சொல்லிட்டா, அவங்களும் ரேடியோ கேட்கிற மாதிரி உட்கார்ந்திடுவாங்க.

நெட் தேர்வு: இதுதான் முக்கியம். பி.ஹெச்டி இல்லாமல் உதவிப் பேராசிரியராக, நெட் அல்லது செட் தேர்ச்சி வேணும். நெட் வருஷத்துக்கு ரெண்டு முறை நடக்கும். 150 கேள்விகள், 3 மணி நேரம், நெகட்டிவ் மார்க் கிடையாது. உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பு இல்லை. 'அப்புறம் எழுதிக்கலாம்'னு தள்ளிப்போட வைப்பதே அதுதான். ஆனா, உதவித்தொகையுடன் ஆராய்ச்சி செய்ய உதவும் ஜே.ஆர்.எஃப்-க்கு வரம்பு உண்டு: பொதுப்பிரிவு ஆண்களுக்கு 30 வயது, பெண்களுக்கு 35.

அதனால, ஷோ முடிஞ்சதும் தினமும் ஒரு மணி நேரம் படிப்புக்கு. நேயர்கள் நாளைக்கும் இருப்பாங்க; வயசு காத்திருக்காது!