உங்களுக்குத் தெரியுமா? ஊரே நடத்திய குடிமீட்பு முகாம்

சென்னை டி.டி.கே. மருத்துவமனை, குடிநோயாளிகளுக்காகவே 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கியது. கணவரைக் குடியால் இழந்தவர் அவர். ஆனால் கிராமத்தில் கூலி வேலையை விட்டுவிட்டு, பஸ் ஏறி வந்து வாரக்கணக்கில் பட்டணத்தில் தங்க யாரால் முடியும்? அதனால் மருத்துவமனையே கிராமத்துக்குப் போனது. குடவாசல் பக்கம் மஞ்சக்குடியில் 1989இல் முகாம் தொடங்கியது.

இடமும் சாப்பாடும் ஊர்க்காரர்கள் பொறுப்பு; டாக்டரும் ஆலோசகர்களும் மருத்துவமனையின் பொறுப்பு. சுமார் 15 நாள் சிகிச்சை, கட்டணம் இல்லை. குடியை நிறுத்திய முதல் சில நாள்தான் கண்டம்: கை நடுங்கும், தூக்கம் வராது, சிலருக்கு வலிப்பே வரும். அதற்கு மருந்து உண்டு. மனைவிமாருக்கும் தனியாக ஆலோசனை. இதைச் சலுகை என்று நினைக்க வேண்டாம், பாதி வைத்தியமே அதுதான்.

முகாம் முடிந்ததும் ஆளை அப்படியே விட்டுவிடுவதில்லை. குழு திரும்பத் திரும்ப ஊருக்கு வந்து விசாரிக்கும். நடுவில், உள்ளூரில் அவர் மதிக்கும் ஒருவர் கண் வைத்திருப்பார். தெருமுனையில் அவரே எதிர்ப்பட்டு “என்னப்பா, மாத்திரை போட்டியா?” என்று கேட்டால் மழுப்பவா முடியும்?

சாந்தி ரங்கநாதனுக்கு 1992இல் பத்மஸ்ரீ கிடைத்தது.