பல கம்பிகள், ஒரே பாதை

சென்னையிலிருந்து மும்பை செல்லும் இருப்புப்பாதையில் ரேணிகுண்டா ஒரு பெரிய சந்திப்பு நிலையம். 1862-ஆம் ஆண்டிலேயே அரக்கோணத்திலிருந்து ரயில் அவ்வூரை எட்டிற்று. இன்று அரக்கோணம், கூடூர், கடப்பை, திருப்பதி ஆகிய நான்கு திசைகளுக்கும் அங்கிருந்து பாதைகள் பிரிகின்றன. 2022 வரை சித்தூர் மாவட்டத்திலும், பின்னர் திருப்பதி மாவட்டத்திலும் அடங்கிய இவ்வூர், நாம் இன்று கூறவிருக்கும் பொருளுக்கு நல்லதோர் உவமையாகும்.

கணிப்பொறிகளுக்கும் சந்திப்பு நிலையம் உண்டு. அதற்கு ஸ்விட்ச் என்று பெயர். இரண்டு ஸ்விட்ச்சுகளை ஒரே கம்பியால் இணைத்தால், அது அறுந்த கணமே வேலை நின்றுவிடும். பயணச்சீட்டுக்காக வரிசையில் நிற்பவர் காத்திருக்க வேண்டியதுதான். இன்னொரு கம்பியைச் சேர்த்தால் போதாதா எனலாம். போதாது. இரு கம்பிகளும் ஒரு வளையமாகிவிட, எல்லோருக்குமென அனுப்பிய செய்தி அதில் ஓயாது சுற்றிச் சுற்றி வலையமைப்பையே முடக்கிவிடும். அதைத் தடுக்கும் ஏற்பாடு ஸ்விட்ச்சில் இருப்பின், அது ஒரு கம்பியை அடைத்து வைக்கும். அப்போது ஒரு கம்பி சும்மா கிடக்கும்.

இரண்டையும் ஒன்றெனக் கருதச் செய்வதே லிங்க் அக்ரிகேஷன். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் இதனை 'இணைப்புத் தொகுப்பு' என்போம். இதற்கான பொது விதி 2000-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. இரு முனைகளும் தம்முள் பேசி உடன்படும் முறைக்கு எல்.ஏ.சி.பி. என்று பெயர்.

அமைக்கும் முறை இது. தொகுக்கும் போர்ட்டுகள் யாவும் ஒரே வேகமுடையனவாய், ஒரே வகையில் அமைக்கப்பட்டிருத்தல் வேண்டும். இரு ஸ்விட்ச்சுகளிலும் அவற்றை ஒரு குழுவாக்கி, எல்.ஏ.சி.பி.யைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு முனையாவது தானாக முன்வந்து பேசும் நிலையில் இருப்பது அவசியம். 'நீங்கள் முதலில் பேசுங்கள்' என்று இருவருமே காத்திருந்தால் உறவு ஏற்படுமா? இவை முடிந்த பின்னரே கம்பிகளைச் செருகுதல் நன்று. முந்திச் செருகினால் மேற்சொன்ன வளையம் உண்டாகலாம். இறுதியாக, ஒரு கம்பியை உருவிப் பார்த்துப் போக்குவரத்து தொடர்கிறதா எனச் சோதித்தல் வேண்டும்.

இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. இரு கம்பிகள் இருப்பதனால் ஒரு கோப்பு இருமடங்கு வேகத்தில் செல்வதில்லை. ஒரு ரயிலின் பெட்டிகளைப் பிரித்து இரு பாதைகளில் விட்டால் வரிசை குலைந்துவிடுமன்றோ? அதுபோல, ஒருவருக்கொருவர் நடக்கும் ஒரு உரையாடல் முழுவதும் ஒரே கம்பியில்தான் செல்லும். பலர் ஒரே நேரத்தில் பணி செய்கையில்தான் சுமை பகிரப்பட்டு, பயன் விளங்கும்.

மற்றொன்று, கம்பி அறுந்தாலன்றி ஸ்விட்ச்சே பழுதானால் இத்தொகுப்பு உதவாது. இரு கம்பிகளையும் ஒரே குழாயில் பதித்தாலோ, மண் தோண்டும் இயந்திரம் ஒரே வீச்சில் இரண்டையும் அறுத்துவிடும். ஆகவே கம்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதோடு, அவை செல்லும் வழிகளையும் வேறுபடுத்துவதே அறிவுடைமை.