யாரைக் கேட்டு எழுதிய கதை?

நாலு வயதுக் குழந்தை கார்ட்டூன் படம் பார்க்கும்போது கதையை மட்டுமா பார்க்கிறது? அரசகுமாரி என்றால் இன்ன நிறம், துஷ்டன் என்றால் இன்ன பேச்சு, வேலைக்காரி என்றால் இன்ன முகம் என்ற கணக்குகளையும், யாரும் சொல்லிக் கொடுக்காமலேயே, அது மனத்தில் வாங்கிக்கொள்கிறது. பெரியவர்களுக்கான படத்தில் ஓர் இனத்தாரை இழிவாகக் காட்டினால், அப்படி இல்லையே என்று மறுக்க நமக்கு அனுபவம் உண்டு. குழந்தைக்கோ திரையில் கண்டதே அந்த இனத்தாரைப் பற்றிய முதல் பாடமாகிவிடுகிறது. இந்தப் பொறுப்பை அமெரிக்கச் சித்திரப்பட உலகம் எவ்வளவு மெதுவாக உணர்ந்தது என்பதற்கு, ரான் கிளெமெண்ட்ஸ், ஜான் மஸ்கர் என்னும் இரட்டை இயக்குநர்கள் டிஸ்னி நிறுவனத்துக்காக எடுத்த மூன்று படங்களே தக்க சான்றாகும்.

முதலாவது, 1992-ல் வந்த ‘அலாவுதீன்’. முகம் பிடிக்காவிட்டால் காதை அறுத்துவிடும் தேசம் என்று அரபு நாட்டைப் பற்றி அதன் தொடக்கப் பாட்டிலேயே ஒரு வரி இருந்தது. அமெரிக்காவில் வாழும் அரபு மக்கள் ஆட்சேபித்த பிறகு, 1993-ல் வெளியான வீடியோவில் அந்த வரி மாற்றப்பட்டது. ஆயினும் அந்நாட்டைக் காட்டுமிராண்டி நாடு என்று பழிக்கும் சொல் அப்படியே நின்றது. கதாநாயகனும் நாயகியும் அமெரிக்க உச்சரிப்பில் பேச, கெட்டவர்களுக்கு மட்டும் அந்நிய உச்சரிப்பு அளிக்கப்பட்டிருந்ததையும் விமரிசகர்கள் சுட்டிக்காட்டினர்.

இரண்டாவது, 2009-ல் வந்த ‘அரசகுமாரியும் தவளையும்’. 1937-ல் ‘ஸ்நோ ஒயிட்’ வெளிவந்து 72 ஆண்டுகள் கழிந்த பின்னரே டிஸ்னிக்கு ஒரு கறுப்பின அரசகுமாரி கிடைத்தாள். ஆரம்பத் திட்டத்தில் அவள் பெயர் மேடி, தொழில் ஒரு மாளிகையில் பணிப்பெண் வேலை. கண்டனம் எழவே, படம் தயாராகிக்கொண்டிருக்கும்போதே அவள் டியானா ஆனாள். சொந்தமாக உணவு விடுதி நடத்தக் கனவு காணும் உழைப்பாளி ஆனாள். அப்படியும் கதையின் பெரும்பகுதியில் அவள் தவளை உருவிலேயே தத்திக்கொண்டிருந்தாள் என்ற குறை நிலைத்துவிட்டது.

மூன்றாவது, 2016-ல் வந்த ‘மோவானா’. இம்முறை இயக்குநர்கள் திரைக்கதை முடியுமுன்பே பிஜி, சமோவா, டாஹிட்டி முதலிய பசிபிக் தீவுகளுக்குப் பிரயாணம் செய்து, மாலுமிகளையும் முதியோர்களையும் கண்டு பேசி, அப்பிரதேசத்து அறிஞர்கள் அடங்கிய ஓர் ஆலோசனைக் குழுவையும் அமைத்துக்கொண்டனர். முதலில் மொட்டைத் தலையனாக வரையப்பட்ட மாவுயி என்னும் இதிகாச வீரனுக்கு, முடியிலேதான் அவனது தெய்வ சக்தி இருக்கிறது என்று தீவினர் விளக்கியதன்பேரில், அடர்ந்த கூந்தல் அமைந்தது. கோபத்தில் மோவானா தேங்காய்களை வீசியெறிவதாக இருந்த காட்சியும், தேங்காயைப் போற்றும் மக்களின் மனம் புண்படும் என்று கைவிடப்பட்டது. கதாநாயகிக்குக் குரல் கொடுத்தவள் ஹவாய்த் தீவின் பூர்வகுடிச் சிறுமி.

இத்தனை கவனத்துக்கு நடுவிலும், பச்சை குத்திய பழுப்பு நிறத் தோலைப் போலவே தைத்த மாவுயி வேஷ உடை ஒன்று குழந்தைகளுக்கென விற்பனைக்கு வந்தது. ஒரு மனித இனத்தின் தோலையா எங்கள் பிள்ளைகள் உடுப்பது என்ற கேள்வி எழ, நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றது. படம் எடுத்தவர்கள் கேட்டறிந்ததைப் பொம்மை விற்றவர்கள் கேட்கவில்லை.

எனினும் 1992-ல் படம் வெளிவந்த பின்னும், 2009-க்கான படத்தில் பாதி வழியிலும், 2016-க்கான படத்தில் தொடக்கத்திலுமாகப் பிறர் சொல் காதில் ஏறியது என்பதே இந்த வரலாற்றின் சாரம். அதன் பலனாக 2017-ல் ‘மோவானா’ மாவோரி மொழியில் பேசி நியூஸிலாந்துத் திரையரங்குகளில் ஓடியது. ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் பேசினால் பிரம்படி கிடைத்த மொழி அது.

ஆகவே குழந்தைக்குப் படம் தேர்ந்தெடுக்கும் பெற்றோர், பாத்திரங்களின் நிறத்தை எண்ணிப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், கதைக்கு உரியவர்களை எடுத்தவர்கள் கேட்டார்களா, எப்போது கேட்டார்கள் என்றும் விசாரிப்பது நன்று.