கிணறும் வேலியும் மாட்டுக்கொட்டிலும்: தோட்டத்தை ஒரு தொகுதியாக நோக்குதல்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழை நிலத்தினுள் இறங்கிச் சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்குகின்றது. ஏனைய மாதங்களில் வெங்காயம், மிளகாய், புகையிலை, மரக்கறி ஆகியன விளைவதும், வீட்டில் உலை வைப்பதும் அந்நீரைக் கொண்டே. கிணறு கெடுமாயின் தோட்டமும் வீடும் ஒருங்கே கெடும்.

கிணற்று நீர் உவர்க்கத் தொடங்கினால் கமக்காரர் கிணற்றை ஆழமாக்குகின்றார். பயிர் வெளிறினால் யூரியா இடுகின்றார். பூச்சி கண்டால் மருந்து தெளிக்கின்றார். நோய் தோன்றிய இடத்திலேயே மருந்திடும் இம்முறை ஒரு போகத்துக்குப் பயன் தரலாம். ஆயினும் காரணம் வேறோர் இடத்தில் இருக்குமாயின், மருந்தே அடுத்த நோய்க்கு வித்தாகின்றது. ஓர் உயிரின் உறுப்புகளைத் தனித்தனியே ஆராய்வதால் மட்டும் அதன் இயக்கம் விளங்காது, அவற்றிடையே நிகழும் கொடுக்கல் வாங்கலையும் அறிதல் வேண்டும் என்று ஒஸ்திரிய நாட்டில் பிறந்த உயிரியல் அறிஞர் பேட்டலன்பி வற்புறுத்தினார். இந்நோக்கை விளக்கும் அவருடைய பொதுத் தொகுதிக் கொள்கை பற்றிய நூல் 1968ஆம் ஆண்டில் வெளிவந்தது. தோட்டத்தையும் இவ்வாறே ஒரு தொகுதியாகக் கொண்டு, அதனுள் வருவது எது, வெளியே செல்வது எது, செய்த செயலின் பயன் எத்தனை காலம் கழித்துத் தோன்றும் என்று கேட்டல் வேண்டும்.

முதலில் நீரை எடுத்துக்கொள்வோம். குடாநாட்டின் நன்னீர் கடல்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்நீர் பாரம் கூடியது; நன்னீர் பாரம் குறைந்தது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நிற்குமாயின், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது ஒல்லாந்து, ஜேர்மனி நாடுகளின் அறிஞர்கள் நூறு ஆண்டுகளுக்கு முன்னரே கண்ட கணக்கு. இக்கணக்கின் மறுபக்கமே அச்சம் தருவது. நீர்மட்டம் ஓரடி தாழ்ந்து அவ்வாறே நிலைக்குமாயின், உவர்நீர் காலப்போக்கில் 40 அடி மேலேறும். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேல்நீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உவராகவும் இருப்பதைப் பலரும் அறிவர். எனவே உவர்த்த கிணற்றை ஆழமாக்குவது உவரை நோக்கிச் செல்வதேயாகும். உவர்நீர் பாய்ச்சிய தறையில் உப்புப் படிந்து பயிர் வாடும். வாட்டங் கண்டவர் மேலும் இறைப்பார். மேலும் இறைக்க மேலும் உவர் ஏறும்.

துலாக்காலத்தில் இது நேரவில்லை. துலா மிதிப்பவர், பட்டை பிடிப்பவர், பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுபவர் என ஆட்கள் சேர்ந்தே இறைத்தனர். ஆட்கள் களைத்தபோது இறைப்பு நின்றது, கிணறும் ஊறியது. பங்குக் கிணறுகளில் முறை வைத்து இறைத்தமையும் அவ்வாறே ஒரு தடையாய் அமைந்தது. நீரிறைக்கும் இயந்திரம் வந்ததும் உழைப்பு குறைந்தது, நன்றே. ஆனால் அத்தடையும் கூடவே போயிற்று. இன்று அத்தடையைக் கமக்காரரே வகுத்துக்கொள்ள வேண்டியுள்ளது. நீண்ட நேரம் ஒரே மூச்சாக இறைப்பதை விடுத்து, காலையும் மாலையும் சிறிது சிறிதாக இறைத்தல் நன்று. அடுத்த தோட்டக்காரருடன் நேரம் பேசி மாறி இறைப்பது அதனினும் நன்று. இரு கிணறுகளுக்கும் கீழே உள்ள நீர் ஒன்றே.

இனிப் பசளை. பயிர் உறிஞ்சாது விடும் நைதரசன் நைத்திரேற்றாக மாறி, மாரி மழையுடன் கிணற்றுக்கு இறங்குகின்றது. வலிகாமத்துச் செம்மண் தறைகளில் உள்ள கிணறுகள் பலவற்றில், லீற்றருக்கு 50 மில்லிகிராம் என உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையை நைத்திரேற்று தாண்டியிருப்பதை 1980களிலிருந்து நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. அவ்வெல்லையில் உள்ள நீரின் ஒரு லீற்றரில் நைதரசன் மாத்திரம் ஏறக்குறைய 11 மில்லிகிராம் உண்டு. ஓர் ஏக்கரில் ஓர் அங்குலம் நீர் பாய்ச்ச ஓர் இலட்சம் லீற்றருக்குச் சற்று மேல் வேண்டும். பயிர்க்காலம் முழுவதும் 20 அங்குலம் இறைத்தால், அந்நீருடன் தறைக்குச் செல்லும் நைதரசன் ஏறக்குறைய 23 கிலோகிராம். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். ஆகவே 50 கிலோகிராம் மூடை ஒன்று கிணற்றிலிருந்தே வருகின்றது. அதை அறியாதவர் கடையில் மேலும் ஒரு மூடை வாங்குகின்றார். வெங்காயத்துக்கு நைதரசன் மிகுந்தால் கழுத்துத் தடித்துக் கிழங்கு சேமிப்பில் அழுகும். மிளகாயில் சாறுறிஞ்சும் பூச்சிகள் பெருகும். அதன்பின் மருந்துச் செலவு.

இதில் பொருள் நட்டத்தினும் பெரியது ஒன்றுண்டு. புட்டிப்பால் குடிக்கும், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நைத்திரேற்று மிகுந்த நீர் கேடு விளைக்கும். குழந்தையின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழந்து உடல் நீலம் பூக்கலாம். நீரைக் கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது. நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடவே செய்யும். தோட்டக் கிணற்று நீரைப் பரிசோதியாது குழந்தைக்குப் பாலில் கலக்கலாகாது.

அவ்வாறாயின் யூரியாவை உடனே நிறுத்திவிடலாமா? கூடாது. 2021ஆம் ஆண்டில் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டு, நெல் விளைச்சல் வீழ்ந்ததும், அவ்வாண்டு முடியுமுன் தடை தளர்ந்ததும் யாவரும் அறிந்ததே. முன்னர் பூவரசு வேலி குழை தந்தது. பனையோலை தறையில் தாழ்க்கப்பட்டது. பட்டி அடைத்த மாடும் ஆடும் எருத் தந்தன. இன்று பல வளவுகளில் வேலி மதிலாயிற்று; கொட்டில் வெறுமையாயிற்று. எரு வரும் வழிகள் அடைபட்டிருக்க, யூரியாவை மட்டும் அகற்றினால் பயிர் எதை உண்ணும்? வேலிக்குப் பூவரசும் சீமைக்கிளுவையும் நட்டு, குழை வெட்டும் பருவம் வந்தபின் பசளையைப் படிப்படியாகக் குறைப்பதே முறை. எருவிலும் நைதரசன் உண்டு. எருக்கும்பியைக் கிணற்றருகே குவித்து மழையில் நனையவிட்டால் அதுவும் யூரியா செய்த கேட்டையே செய்யும். மலசலகூடக் குழிக்கும் இது பொருந்தும்.

நெற்செய்கையாளரும் இத்தொகுதிக்குப் புறம்பானவர் அல்லர். வயல் வரம்பு உயர்ந்து நின்று மழையைத் தேக்கினால், அந்நீர் மெல்ல இறங்கி அயலிலுள்ள தோட்டக் கிணறுகளை ஊட்டும். குளமும் தூர்ந்து, குளத்துக்கு வரும் வாய்க்காலும் அடைபட்டால் அதே மழை கடலுக்குப் போய்விடும். ஆவணி முடிவதற்குள் வரம்பு கட்டி, வாய்க்காலைத் துப்புரவு செய்தல் வேண்டும்.

முடிச்சிட்ட கயிறு ஒன்றைக் கிணற்றடியில் வைத்து, வாரத்தில் ஒரு நாள் காலை இறைப்புக்கு முன் நீர்மட்டத்தை அளந்து கொப்பியில் எழுதி வருதல் நன்று. இட்ட பசளையையும் இறைத்த மணியையும் அதே பக்கத்தில் குறிக்கலாம். மாரிக்கு முன்னும் பின்னும் நீரைப் பகுதி விவசாயப் போதனாசிரியர் மூலம் பரிசோதிப்பித்து அதையும் சேர்த்தால், எத்தனை மூடை குறைக்கலாம் என்பதை அடுத்த போகத்தில் முதலில் நான்கு பாத்தியிலும், பின்னர் முழுத் தறையிலும் பார்த்துக்கொள்ளலாம்.