நஞ்சாய் வந்த உயிர்மூச்சு

நடவு முடிந்த வயலில், தேங்கிய நீரின்மேல் நீலமும் பச்சையும் கலந்து படியும் வழுக்குப் படலத்தை வாசகர்கள் கண்டிருப்பீர்கள். அது நீலப்பச்சைப் பாசி. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உரமாக்கித் தருவதால் உழவர் அதனை விரும்பி வளர்ப்பதும் உண்டு. பாசி என்று வழங்கினும் அது பாக்டீரியா இனமே. நாம் இன்று மூச்சு விடுவது அதன் முன்னோரால்தான் என்றால் நம்புவீர்களா?

பூமி தோன்றி ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அதில் ஏறக்குறையப் பாதிக் காலம் வரை காற்றில் ஆக்சிஜன் இல்லை என்றே கூறலாம். உயிர்கள் இருந்தன, அவை ஆக்சிஜனின்றி வாழ்ந்தவை. அவற்றுள் ஒன்றில் புதிய ஆற்றல் தோன்றிற்று: கதிரொளியால் நீரைப் பிளந்து தன் உணவைத் தானே ஆக்கும் ஆற்றல். (குருவானவர் பரிணாமம் பேசலாமா என்று ஐயுறுவோர், அது வெறும் கருதுகோளினும் மேலானது என்று 1996-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அறிவியலறிஞர்களுக்கு எழுதியதை நினைவிற் கொள்க.) நீருக்கும் ஒளிக்கும் பஞ்சமேது? அவ்வுயிர் பல்கிப் பெருகிற்று. அது கழிவாக வெளிவிட்டதே ஆக்சிஜன்.

ஆயினும் புதுமை தோன்றிய மறுநாளே உலகம் மாறிவிடவில்லை. கடலில் கரைந்திருந்த இரும்பு அந்த ஆக்சிஜனோடு கூடித் துருவாகி அடியில் படிந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹாமர்ஸ்லி மலைகளில் பட்டை பட்டையாகத் தோன்றும் இரும்புப் பாறைகள் அத்தகைய பழங்கடற் படிவுகளே. இரும்பும் எரிமலை வாயுக்களும் உண்டது போக எஞ்சியது, சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் காற்றில் தங்கலாயிற்று. பழைய உயிர்களுக்கு அது நஞ்சு. மாண்ட இனங்கள் எத்தனையோ! நுண்ணுயிர்கள் எலும்பை விட்டுச் செல்வதில்லை. ஆதலால் எண்ணிச் சொல்வாரில்லை.

அந்த நஞ்சையே பயன்கொண்ட உயிர்கள், அதே உணவிலிருந்து பன்மடங்கு ஆற்றல் பெற்றன. விலங்குகளும் நாமும் அவ்வழி வந்தவர்கள். வேறோர் உயிரணு அப்பாசியை விழுங்கிச் செரிக்காமல் தன்னுள்ளேயே வைத்துக்கொண்டது. நெல்லின் இலையிலும் வேம்பின் இலையிலும் உள்ள பசுங்கணிகங்கள் அதன் வழித்தோன்றல்களே. 1967-இல் லின் மார்குலிஸ் என்னும் அமெரிக்க அம்மையார் இதனை வலியுறுத்தியபோது அறிஞர் பலர் ஏற்க மறுத்தனர். இன்று அது பாடநூற் செய்தி.

பழைய உயிர்கள் முற்றிலும் அழிந்தனவா? இல்லை. காற்றுப் புகாத இடங்களில் ஒதுங்கிக்கொண்டன. மாட்டின் இரைப்பையில் உள்ளன, நம் குடலிலும் உள்ளன. மேலே பாசி ஆக்சிஜனை வெளிவிடும் அதே வயலில், சேற்றுக்குள் காலை வைத்தால் குமிழி எழுகிறதல்லவா? அதில் அவை வெளிவிட்ட மீத்தேன் இருக்கிறது.