சாம்பல் மழையில் சிக்கிய மீன் படகு! மீன் கடைக்காரர்கள் தொடங்கிய கையெழுத்துப் போர்

காசிமேட்டில் வந்து இறங்கிய மீனை "வேண்டவே வேண்டாம்" என்று ஊரே ஒதுக்கினால் மீன்காரர் கதி என்ன? ஜப்பானில் அதுதான் நடந்தது. விவரம் வருமாறு:-

1954 மார்ச் 1. பசிபிக் கடலில் பிகினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு வெடித்தது. சுமார் 160 கிலோமீட்டர் தள்ளி நின்ற ஜப்பான் மீன் படகில் வெள்ளைச் சாம்பல் மழையாகக் கொட்டியது. 23 மீனவர்களும் நோயில் விழுந்தனர். குபோயாமா என்பவர் செப்டம்பரில் பரிதாபமாக இறந்தார்.

3 கோடி கையெழுத்து

பயத்தில் ஜனங்கள் மீன் வாங்கவில்லை. வியாபாரம் படுத்தது. டோக்கியோவில் சுகினாமி என்ற இடத்தில் மீன் கடைக்காரர்களும் குடும்பப் பெண்களும் கிளம்பினார்கள். கல் எறியவில்லை, கண்ணாடி உடைக்கவில்லை. "குண்டு சோதனையை நிறுத்து" என்று கையெழுத்து வாங்கினார்கள். நாடு முழுவதும் 3 கோடிக்கு மேல் சேர்ந்தது!

கென்னடியிடம் ராஜாஜி

நம்ம ராஜாஜியும் சும்மா இருக்கவில்லை. 1962-ல், 83 வயதில், வாஷிங்டன் போய் ஜனாதிபதி கென்னடியை நேரில் பார்த்து, சோதனையை நிறுத்தும்படி வாதாடினார்.

மறு வருஷமே அமெரிக்கா, ரஷியா, பிரிட்டன் மூன்றும் ஒப்பந்தம் போட்டன. வானத்திலும் கடலுக்குள்ளும் வெடிக்கத் தடை. பூமிக்கடியில் மட்டும் தடை இல்லை. 1974-லும் 1998-லும் நம்ம பொக்ரானில் வெடித்தது பூமிக்கடியில்தான்.

சாம்பல் விழுந்த அந்தப் படகு, டோக்கியோவில் இன்றும் காட்சிக்கு நிற்கிறது.