தக்கை அமிழும்வரை காத்திருக்காதீர்கள்

ஜார்ஜ்டவுன் எஸ்பிளனேட் கல்சுவரில் தூண்டில் போட்டுப் பழகியவர்களுக்குத் தக்கை முழுக அமிழ்ந்தால்தான் மீன். ஊட்டிக்குப் போகும்போது ஏரியில் டிரவுட் பிடிக்கும் ஆசை இருந்தால், அந்தப் பழக்கத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

டிரவுட் குளிர்நீர் மீன். நம் தீவின் வெதுவெதுப்பில் பிழைக்காது. நீலகிரிக்கும் அது வெளியிலிருந்து வந்ததுதான். 1860களில் பிரான்சிஸ் டே கொண்டுவர முயன்று தோற்றார். 1907இல் எச்.சி. வில்சன் அவலாஞ்சியில் மீன்குஞ்சுப் பொரிப்பகம் அமைத்த பிறகே அங்கு நிலைத்தது. பிடிக்கப் போகுமுன் மீன்வளத்துறையிடம் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

புழு, இறால் எதுவும் வேண்டாம். முள்ளில் நூலும் இறகும் சுற்றிய பொய்ப்பூச்சிதான் இரை. அது ஏரியின் அடியைத் தொடாமல், ஓரடி மேலே தொங்கும்படி தக்கையைக் கட்ட வேண்டும். ஆழம் தவறினால் நாள் முழுக்க நின்றாலும் வீண்தான். வீசிவிட்டுச் சும்மா இருங்கள். சிற்றலையில் தக்கை ஆட ஆட, கீழே பூச்சி உயிருள்ளதுபோல் ஏறி இறங்கும்.

இங்கேதான் நம்மவர்கள் கோட்டை விடுவார்கள். கெளுத்திபோல டிரவுட் கவ்விக்கொண்டு ஓடும் என்று பார்த்திருந்தால் அவ்வளவுதான். வாயில் வாங்கும், பொய் என்று தெரிந்ததும் நொடியில் துப்பிவிடும். மேலே தக்கை லேசாகச் சாயும். அல்லது அலையோடு போகாமல் ஒரு கணம் நிற்கும். அந்தக் கணத்திலேயே கோலைத் தூக்க வேண்டும். பல சமயம் பாசிதான் வரும். வரட்டும், அடுத்த முறையும் தூக்குங்கள்.